எண்ணெய்க் கணக்கு

நவம்பர் 17, திங்கள்
ராத்திரி முழுக்க மழை. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. இன்வெர்ட்டர் தாங்கியது.

நவம்பர் 18
மத்தேயு 25 எனக்குப் பிடிக்காது. மணவாளனுக்குக் காத்திருந்த பத்துக் கன்னிகைகளில் ஐந்து பேர், தீபம் அணையப்போகிறது, எண்ணெய் தாருங்கள் என்று கேட்டபோது கொடுக்காத, புத்தியுள்ள அந்த ஐந்து கன்னிகைகளையும்தான். "எங்களுக்கும் உங்களுக்கும் போதாமலிராதபடி" என்று என்ன நறுக்கான பதில்! அவர்களைத்தான் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறோம்.

நவம்பர் 20
அப்பா விழித்துக்கொண்டு, "விளக்கு அணையலையாட்டி?" என்றார். அவருடைய ஆக்சிஜன் மெஷினில் எரியும் பச்சை லைட்டைச் சொல்கிறார். ஆலயத்து விளக்கு அணைந்துபோகும் முன்னே சாமுவேல் படுத்திருந்தான் என்று எழுதியிருக்கிறது. லேவியராகமம் 24-இன்படி அந்த விளக்கு சாயங்காலம் தொடங்கி விடியற்காலம்வரை எரியவேண்டும். அப்படியென்றால் கர்த்தர் அவனைக் கூப்பிட்டது விடிவதற்கு முன்னால். அந்த நேரத்தில் நானும்தான் முழித்துக் கிடக்கிறேன். மெஷின் மட்டும் கீச்சிடுகிறது.

நவம்பர் 21
ஸ்பேர் சிலிண்டரைத் தொடவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு
கோயிலுக்குப் போயே தீருவேன் என்று அப்பா ஒரே பிடிவாதம். ஊசிக்கோபுரத்து மணி கேட்டதுமே வேட்டியை எடுத்துவிட்டார். மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில், 1826-ல் எழுந்த கோயில். "அடுத்த வருசம் இருநூறு. அதைப் பாத்துட்டுத்தான் போவேன்."

அண்ணன் போனில் தாவீது கதையை எடுத்தான். கிழவரான தாவீது ராஜா யுத்தத்தில் சோர்ந்துபோகிறார். இஸ்பிபெனோப் என்ற பெலிஸ்த வீரன் வெட்ட வருகிறான், அவருடைய ஆள் அபிசாய் வந்து காப்பாற்றுகிறான். இஸ்ரவேலின் விளக்கு அணைந்துவிடக் கூடாது, இனி எங்களோடு யுத்தத்துக்கு வராதேயும் என்று ஆட்கள் ஆணையிட்டுச் சொல்கிறார்கள். "அதே மாதிரிதான்பா, வீட்லயே இருங்க."

அப்பா விடுவாரா? "அடுத்த அதிகாரத்த வாசில. தாவீது என்ன பாடுதான்? 'கர்த்தாவே, தேவரீர் என் விளக்காயிருக்கிறீர்.' அவன் தன்னை விளக்குன்னு நெனைக்கல. நீங்கதான் அவனைப் பொத்திப் பொத்தி வைக்கிய."

மூச்சு வாங்கியது. ஆனாலும் ஜெயித்த முகம். கோயிலுக்குப் போகவில்லை.

நவம்பர் 25
எழுதிவிடுகிறேன். போன வாரம் நடுராத்திரி பின்தெரு அண்ணன் கதவைத் தட்டினார். அவர் அம்மாவுக்கு இழுப்பு. "ஒங்க வீட்ல ஒரு சிலிண்டர் சும்மா நிக்கில்லா? காலைல தந்திருதேன்." கரண்ட் அப்போதுதான் மறுபடி போயிருந்தது. இன்வெர்ட்டர் எவ்வளவு நேரம் இழுக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருங்கண்ணே என்றேன். மழையில் ஆட்டோ தேடிப் போனார்.

எண்ணெய் என்றால் பரிசுத்த ஆவி, அதைக் கடன் கொடுக்க முடியாது என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டாயிற்று. ஆனால் நாலாம் நூற்றாண்டின் பிரசங்கியார் யோவான் கிறிசோஸ்தோம், எண்ணெய் என்பது ஏழைக்கு இரங்கிச் செய்யும் தர்மம் என்கிறார். தர்மத்தை நிறையச் சேர்த்து வைத்திருந்தவர்கள்தான் கேட்டவர்களுக்கு இல்லையென்றார்களா? சபை ஐயரிடம் கேட்கலாம். அவர் என் முகத்தைப் பார்த்தே ஏன் கேட்கிறேன் என்று கண்டுபிடித்துவிடுவார்.

நவம்பர் 26
பால் வாங்கப் போனேன். பின்தெரு அண்ணன் எதிரே வந்தார். "அப்பா எப்படி இருக்காவ?"

நவம்பர் 28
பத்துப் பேரும்தான் தூங்கினார்கள். புத்தியுள்ளவர்களும் சேர்த்து. இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

இன்னொன்று. நடுராத்திரியில் எந்தக் கடை திறந்திருக்கும்? போனவர்களுக்கு எண்ணெய் கிடைத்ததா என்றுகூட எழுதவில்லை. அவர்கள் போயிருந்த நேரத்தில் மணவாளன் வந்தார், கதவு அடைபட்டது, அவ்வளவுதான். மங்கலான தீபத்தோடு வாசலிலேயே நின்றிருந்தால் உள்ளே விட்டிருக்க மாட்டாரா? மங்கியெரிகிற திரியை அணைக்காதவர் என்று ஏசாயா 42 சொல்கிறதே. எண்ணெய் தராததைக்கூட விடலாம். கடைக்குப் போ என்று விரட்டினார்களே, அதுதான் உறுத்துகிறது.

இதை அப்பாவிடம் சொல்லவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு
அட்வென்ட் முதல் ஞாயிறு. எதிர்வீட்டில் ஸ்டார் கட்டிவிட்டார்கள். எனக்கு எதுவும் ஓடவில்லை. அப்பாவுக்குக் கால் வீக்கம். கஞ்சி வேண்டாமாம்.

டிசம்பர் 1
வெளிப்படுத்தல் 21 வாசிக்கச் சொன்னார். அந்த நகரத்துக்குச் சூரியனும் வேண்டாம் சந்திரனும் வேண்டாம், ஆட்டுக்குட்டியானவரே விளக்கு. "அங்க கரண்டு பில்லு கிடையாதுட்டி" என்று சிரித்து, இருமி, ஒரு பாடு பட்டுவிட்டார்.

மைனி சாயங்காலம் வந்துவிட்டாள். இன்னொரு சிலிண்டரும் நிரம்பி வந்தது. இப்போது ஸ்பேர் இரண்டு. ஒன்றைப் பின்தெருவுக்குக் கொடுத்துவிடட்டுமா என்று மைனியிடம் கேட்டேன்.

"இப்ப கேட்டாவளா?"

கேட்கவில்லை.