தார் பாலைவனத்தில் குடும்பத்தோடு சைக்கிள் பயணம்

வேலூர் வெயிலில் வளர்ந்தவர்களுக்குப் பாலைவனம் ஒரு பொருட்டா என்று காட்பாடியில் பலரும் கேலி செய்தார்கள். ஆனால் டிசம்பர் இறுதியில், ஜெய்சல்மேரிலிருந்து ராம்கர் வழியாக ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில், பாகிஸ்தான் எல்லையருகே உள்ள தனோட் வரை மனைவியோடும் மகளோடும் சைக்கிளில் சென்றபோது, எங்களை அதிகம் வாட்டியது வெயிலன்று, விடியற்காலைக் குளிரும் எதிர்க்காற்றுமே. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்காவது உச்சி என்று ஒன்று உண்டு. இந்தக் காற்றுக்கு அது கிடையாது.

ராம்கரைத் தாண்டினால் கடைகள் அரிது என்பதால், ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று கணக்கிட்டுத் தண்ணீரை மைத்துனர் ஓட்டி வந்த ஜீப்பில் ஏற்றிக்கொண்டோம். ஜீப் துணைக்கு வந்தால் அது சைக்கிள் பயணமா என்று கேட்கும் நண்பர்கள், 12 வயதுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு அந்தச் சாலையில் ஒருமுறை போய்வந்து பேசட்டும்.

மணல் மூடிய இடங்களில் டயரின் காற்றைச் சற்றுக் குறைத்தால் சக்கரம் அதிகம் புதையாது. பஞ்சராக்குவது அங்கும் நெருஞ்சி முள்தான். மாற்று டியூப்கள் கட்டாயம். ராஜஸ்தானின் மாநில மரமான கேஜ்ரி, நம் சிவன் கோயில்களில் தல மரமாக நிற்கும் அதே வன்னிதான். ஜீப்பில் வந்த அம்மா அதை அடையாளம் கண்டு, வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி வலம்வந்து கும்பிட்டார்.

தனோட் மாதா கோயிலை எல்லைப் பாதுகாப்புப் படையினரே பராமரிக்கிறார்கள். அதற்கு அப்பால் எல்லைத் தூண் வரை செல்ல விரும்புவோர், முன்கூட்டியே தனி அனுமதி பெற்று, அடையாள அட்டையின் அசலையும் கையில் வைத்திருக்க வேண்டும்.