எச்.பி.யைக் கடைசியில் பேசலாம்

கோயம்புத்தூரில் பம்ப் விற்கிற வேலையில் இருந்தால் போனை எடுத்ததும் காதில் விழுவது "ஏனுங்க, பத்து எச்.பி. என்ன விலைங்க?" என்பதுதான். தோட்டத்துக் கிணற்றுக்கு அப்படிக் கேட்டு வாங்கினாலும் ஓரளவு ஓடிவிடும். ஃபேக்டரிக்கு அது சரிப்படாது. என்ன திரவம், மணிக்கு எத்தனை கன மீட்டர், மொத்த ஹெட் (பம்ப் தாண்டவேண்டிய உயரமும் உராய்வும் சேர்த்து, மீட்டர் கணக்கில்) எவ்வளவு, இதெல்லாம் தெரிந்தபிறகு கணக்கில் கடைசியாக விழுகிற விடைதான் எச்.பி., அதாவது மோட்டாரின் குதிரைசக்தி.

இதில் ஹெட்டைத்தான் பாதிப் பேர் தப்பாகச் சொல்வார்கள். டேங்க் 12 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஹெட்டும் 12 மீட்டர் என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். பைப் நீளம், பெண்டு, வால்வு எல்லாவற்றின் உராய்வும் அதோடு சேரவேண்டும். செலவு மிச்சம் என்று 3 இஞ்ச் லைனை 2 இஞ்ச் ஆக்கினால் அதே ஓட்டத்துக்கு உராய்வு ஏழு மடங்கு ஏறிவிடும்.

இன்னொரு பக்கம், 'எதுக்கும் இருக்கட்டும்' கோஷ்டி. திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் தேவைப்பட்டது மணிக்கு 40 கன மீட்டர், 20 மீட்டர் ஹெட். ஆளாளுக்குக் கொஞ்சம் சேர்த்து 50 மீட்டர் ஹெட் பம்பை மாட்டியிருந்தார்கள். எதிர்ப்பு குறைவு என்பதால் தண்ணீர் தாறுமாறாகப் பாய்ந்து, ஆம்ப்ஸ் ஏறி, மோட்டார் ட்ரிப் ஆனது. ஹெட் அதிகமுள்ள பம்ப் எப்படி ஓவர்லோடு ஆகும் என்று சூப்பர்வைசர் நம்பவேயில்லை, தண்ணீர் வெளியேறும் பக்கத்து டெலிவரி வால்வைப் பாதி மூடிக் காட்டியதும் ஆம்ப்ஸ் இறங்கியது, அப்புறம்தான் நம்பினார். ஆனால் அப்படியே மூடி வைத்து ஓட்டுவதும் தண்டம். 65 சதவீத எஃபிஷியன்சி என்று வைத்தால் 20 மீட்டருக்கு 3.4 கிலோவாட் போதும், 50 மீட்டருக்கு 8.4 வேண்டும். நாள் முழுக்க ஓடினால் 120 யூனிட் அந்த வால்விலேயே போகிறது.

திரவத்தின் பெயரை மட்டும் சொன்னாலும் போதாது. 48 சதவீத காஸ்டிக் சோடா கரைசல் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம். ஹெட்டும் ஓட்டமும் அதேதான், ஆனால் மோட்டார் ஒன்றரை மடங்கு இழுக்கவேண்டும். தண்ணீரில் டிரையல் பார்த்தபோது நன்றாக ஓடியது என்று சண்டைக்கு வருவார்கள், தண்ணீரில் ஓடத்தானே செய்யும்! உப்புத் தண்ணீர் என்றால் எஸ்எஸ் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதாது, குளோரைடு அதில் புள்ளி புள்ளியாக ஓட்டை போடும். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச்சொன்ன பிறகு கழிவுநீரைச் சுத்திகரித்து உப்புக் கரைசலைத் திரும்ப எடுப்பது வழக்கமாகிவிட்டதால், திருப்பூர் என்கொயரி என்றாலே உப்பு எவ்வளவு என்று நானே கேட்டுவிடுவேன்.

சக்‌ஷன் பற்றி, அதாவது பம்ப் தண்ணீரை உள்ளே எடுக்கிற பக்கம் பற்றி மட்டும் யாரும் வாயே திறப்பதில்லை. தண்ணீரைப் பம்புக்குள் தள்ளிவிடுவது காற்றழுத்தம்தான், அதன் பலம் தண்ணீர் உயரத்தில் சொன்னால் சுமார் 10 மீட்டர். தண்ணீர் 80 டிகிரி சூடாக இருந்தால் நீராவி அழுத்தமே அதில் 5 மீட்டரைத் தின்றுவிடும். மிச்சம் பம்ப் கேட்கிற அளவுக்குக் கீழே போனால் உள்ளே ஜல்லி போட்டு உருட்டுவதுபோல் சத்தம் வரும், உள்ளே சுழல்கிற சக்கரமான இம்பெல்லர் அரிபடும். ஒரு இடத்தில் பேரிங் போச்சு என்று நினைத்து அதை மாற்றிப் பார்த்தார்கள், சத்தம் போகவில்லை. புது பம்புக்கு விலை கேட்டவர்களிடம், தரையோடு இருந்த சுடுநீர் டேங்க்கை ஸ்டாண்டு அடித்து மேலே ஏற்றச் சொன்னேன், அந்த உயரமே பம்புக்குள் தள்ளுகிற அழுத்தத்தைக் கூட்டிவிடும். வெல்டிங் கூலியோடு முடிந்தது, எனக்குத்தான் ஒரு பம்ப் ஆர்டர் போச்சு.