பெரியப்பாவின் தலைக்குள் ஒரு வழிகாட்டி

பெரியப்பாவுக்கு எதிரே இருந்த வெளிச்சவீடு தெரிந்தது. பக்கத்தில் உரசிக்கொண்டு வந்த வள்ளம் தெரியவில்லை. மூளையின் அடியில் இருக்கும் கபச்சுரப்பியில் வளரும் கட்டி, மேலே பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்தை அழுத்தினால் இரு கண்களிலும் வெளிப்பக்கப் பார்வை குறையும் என்பதைக் கொழும்பில் எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகே அறிந்தோம். கட்டியை மூக்கின் வழியாக அகற்றலாம் என்றும், அதற்கு வழிகாட்டும் கருவி இருக்கிறது என்றும் வைத்தியர் விளக்கினார்.

"வள்ளத்தில பூட்டுற ஜி.பி.எஸ். மாதிரியோ, டொக்டர்?" என்று பெரியப்பா கேட்டார்.

வைத்தியர் ஆம் என்றார். எனக்கோ ஜி.பி.எஸ். வருவதற்கு முன் திருகோணமலைக் கடலில் பெரியப்பா மீன் கூடும் கடலடிப் பாறையைக் கண்டுபிடித்த முறைதான் நினைவுக்கு வந்தது. கோணேசர் கோயிலும் பின்னால் தெரியும் மலைமுகடும் ஒரே நேரில் வரவேண்டும். இன்னொரு திசையில் வேறு இரண்டு அடையாளங்களும் அவ்வாறே பொருந்தவேண்டும்.

சத்திரசிகிச்சைக் கூடத்திலும் முதல் வேலை இத்தகைய பொருத்துதலே. தலையை அசையாமல் பிடிக்கும் கவ்வியில், ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு உருண்டைகள் கொண்ட சட்டம் ஒன்றைப் பூட்டுகிறார்கள். முகத்தின் புள்ளிகளைக் கருவிமுனையால் தொட்டு, ஸ்கான் படத்திலுள்ள அதே புள்ளிகளோடு இணைக்கிறார்கள். பின்னர் அகச்சிவப்புக் கமரா சட்டத்தையும் கருவியையும் ஒருசேரக் கவனிக்க, முனை நிற்கும் இடம் திரையில் தெரிகிறது. எலும்புக்கு சி.டி., கட்டிக்கு எம்.ஆர்.ஐ. என இரு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக்கொள்வதும் உண்டு.

1907இல் இன்ஸ்ப்ரூக்கில் ஹெர்மன் ஷ்லோஃபர் மூக்கு வழியாகக் கபச்சுரப்பிக் கட்டியை முதன்முதலில் அகற்றியபோது இவை எதுவும் இருக்கவில்லை. பிற்காலத்தில் துணைக்கு வந்த எக்ஸ்ரே, பக்கவாட்டிலிருந்து பார்ப்பதால் உயரத்தையும் ஆழத்தையும் காட்டியதேயன்றி, நடுக்கோட்டிலிருந்து இடமோ வலமோ விலகுவதைக் காட்டவில்லை. சுரப்பியின் இரு பக்கங்களிலும் மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் பெரிய நாடிகள் ஓடுகின்றன என்பதை நினைத்தால், அந்தக் குறை எவ்வளவு பெரியது என்பது புரியும்.

மண்டையோட்டைத் திறந்து செய்யும் சிகிச்சையில் மூளைத்தண்ணீர் வடிந்து மூளை சற்று அமிழ்ந்துவிடுவதால், முன்னர் எடுத்த படம் பழையதாகிவிடும். மண்டையோட்டின் அடித்தள எலும்பு அப்படி நகர்வதில்லை. அதனால்தான் இக்கருவியை அங்கே கூடுதலாக நம்பலாம். ஆயினும் கட்டியை எடுக்க எடுக்க மேலிருக்கும் சவ்வு கீழிறங்குவது பழைய படத்துக்குத் தெரியாது. கமராவை யாராவது மறைத்தால் கருவி நின்றுவிடும். அது நேர்மையான தவறு. சட்டம் யாருடைய கையாவது பட்டு நகர்ந்துவிட்டாலோ, திரை தயக்கமின்றிப் பிழையான இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். எல்லாம் சரியாக இருக்கும்போதே இரண்டு மில்லிமீற்றர் அளவுக்குப் பிசகக்கூடிய கருவி அது.

பெரியப்பாவும் அதைத்தான் கேட்டார்: "அது பிசகினா எப்படித் தெரியும்?"

"தெரிந்த எலும்பைத் தொட்டுப் பார்ப்பேன், ஐயா. திரையும் அதே எலும்பைக் காட்டவேணும். காட்டாவிட்டால் திரையை விட்டுவிடுவேன்."

பெரியப்பா சம்மதப் பத்திரத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, பேனாவைக் கேட்டார்.