ஹார்ட் ஃபெயிலியர் ரிசர்ச்சுக்கு முதல் ஃபெல்லோஷிப்: ப்ரொபோசல்ல இருந்து இன்டர்வியூ வரைக்கும்

போஸ்ட்டாக்ல (பிஎச்டி முடிச்சதும் இன்னொருத்தர் லேப்ல செய்யற ரிசர்ச் வேலை) இருந்துட்டு சொந்தப் பேர்ல முதல் ஃபெல்லோஷிப் எழுதறவங்களுக்காக இதை எழுதறேன், அதுவும் ஹார்ட் ஃபெயிலியர் பக்கம் இருக்கறவங்களுக்கு. ஏன்னா இந்தத் துறையில ரிவ்யூவர் முதல்ல கேக்கறதே "ஏற்கனவே இவ்ளோ மருந்து இருக்கே, இன்னும் ஒண்ணு எதுக்கு?"ன்னுதான்.

கேள்வி நியாயமானதுதான். பம்ப் பண்ற சக்தி குறைஞ்சவங்களுக்கு, அதாவது எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் (ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் உள்ள இருக்கற ரத்தத்துல எவ்வளவு பங்கை வெளிய தள்ளுதுங்கற கணக்கு) 40 சதவீதமோ அதுக்குக் கீழயோ இருக்கறவங்களுக்கு, இப்ப நாலு வகை மருந்து சேர்த்து குடுக்கறாங்க, ஆயுசு கூடுதுன்னு ட்ரயல்லயே பார்த்தாச்சு. ஆனா 50க்கு மேல இருந்தும் நாலு படி ஏறினா மூச்சு வாங்கறவங்க இருக்காங்களே, அவங்க இதயம் பார்க்க நல்லாத்தான் சுருங்கும், தளர்ந்து விரியறதுலதான் தகராறு, ரத்தம் நிரம்பறப்பவே உள்ள அழுத்தம் ஏறி அது பின்னாடி நுரையீரல் வரைக்கும் போயிடும். இவங்களுக்கு ரொம்ப வருஷம் எந்த ட்ரயலும் கைகொடுக்கல. 2021ல எம்பாக்ளிஃப்ளோசின் ட்ரயல் வந்தப்பதான் தெளிவா ஒரு பலன் தெரிஞ்சது, அதுவும் சர்க்கரைக்குன்னு வந்த மாத்திரை, அதுலயும் ஆஸ்பத்திரி அட்மிஷன் குறைஞ்ச அளவுக்கு இறப்பு குறையல. என் ப்ரொபோசல் இந்த ஆளுங்களுக்குத்தான்: தசை சீக்கிரம் தளர உதவற ஒரு மாலிக்யூல்.

மாடல் என்னன்னா, ஸ்டெம் செல்லுல இருந்து வளர்த்த மனுஷ இதய தசை. ரெண்டு சிலிக்கோன் ரப்பர் தூணுக்கு நடுவுல ஒரு சின்ன பட்டையா வளரும், ஒவ்வொரு துடிப்புக்கும் தூண் லேசா உள்பக்கம் வளையும், அந்த வளைவை கேமராவுல அளந்தா எவ்வளவு விசை, விட்டதுக்கப்புறம் எவ்வளவு நேரத்துல பழைய நிலைக்கு வருதுன்னு ரெண்டும் கிடைச்சுடும். லேபுக்கு யார் வந்தாலும் இதைத்தான் காட்டுவோம், தானா துடிக்கறதைப் பார்த்து வாயைப் பிளப்பாங்க.

எழுதற கட்டத்துல ரெண்டு பேரு ப்ரொபோசலையே மாத்திட்டாங்க. ஒருத்தர் ஸ்டாடிஸ்டிக்ஸ் மேடம். நான் கிணறு கிணறா (செல் வளர்க்கற தட்டுல இருக்கற சின்னச் சின்ன குழிங்க) எண்ணி சாம்பிள் சைஸ் போட்டிருந்த டிராஃப்டைப் பார்த்துட்டு, "இத்தனை கிணறும் ஒரே பேட்ச்ல வந்ததுதானே, அப்ப உங்க கணக்குக்கு இது ஒண்ணுதான்ப்பா"ன்னாங்க. தனித்தனி பேட்ச், தனித்தனி ஆளுங்களோட செல் லைன் (ஒருத்தர் செல்லுல இருந்து தொடர்ந்து வளர்க்கற செல்லுங்க), இதுதான் எண்ணிக்கை. அதுக்கப்புறம் பட்ஜெட்ல பாதி செல் லைனுக்கே போச்சு, டைம்லைனும் நீண்டுச்சு, ஆனா பின்னாடி ரிவ்யூவர் ரிப்போர்ட்ல பாராட்டின ஒரே பத்தி அதுதான்!

இன்னொருத்தர் அந்த நோயோட வாழற ஒரு பெரியவர், பொதுமக்களுக்கான சுருக்கத்தைப் படிச்சுப் பார்க்க ஒத்துக்கிட்டவர். நான் கால்சியம், புரோட்டீன்னு எழுதி வெச்சிருந்தேன். அவர் கேட்டது ஒண்ணுதான்: "தம்பி, நான் மூணு தலகாணி வெச்சுத்தான் படுக்கறேன், இது வந்தா ஒரு தலகாணி குறையுமா?" படுத்தா மூச்சு முட்டற நோய், டாக்டருங்களும் எத்தனை தலகாணின்னுதான் கேப்பாங்க. சுருக்கத்தை மொத்தமா அழிச்சுட்டு அந்த வாக்கியத்துல இருந்தே மறுபடி ஆரம்பிச்சேன்.

எழுத்து ரிவ்யூல வந்த கடினமான கேள்வி சேர்க்கா பம்ப் பத்தி. தசை தளரணும்னா கால்சியத்தை செல்லுக்குள்ளயே இருக்கற சேமிப்புப் பைக்குள்ள திரும்ப இழுக்கணும், அதைச் செய்யற பம்ப் அது, ஜீன் தெரபியால அதைக் கூட்டிப் பார்த்தாங்க, சின்ன ட்ரயல்ல நம்பிக்கையா இருந்தது 2015ல ரிசல்ட் அறிவிச்ச பெரிய ட்ரயல்ல ஒண்ணுமில்லாம போச்சு. "உங்களுது மட்டும் எப்படி?"ன்னு கேட்டிருந்தாங்க. அந்த நோயாளிங்க சுருங்கற சக்தி குறைஞ்சவங்க, ஜீன் போதுமான செல்லுக்குள்ள போய்ச் சேரலைங்கற சந்தேகமும் இருக்கு, என்னுது மாலிக்யூல், திசுவுல எவ்வளவு போச்சுன்னு அளக்கலாம்னு பதில் எழுதினேன். என் ஐடியா ஜெயிக்கும்னு எங்கயும் எழுதல, எந்த ரிசல்ட் வந்தா நிறுத்திடுவேன்னு எழுதினேன். கைட் கூட "இதெல்லாம் சொல்லணுமா"ன்னு யோசிச்சார். சொல்லணும்.

இன்டர்வியூ. ஸ்லைடு ஓடி முடிஞ்சதும் ஒருத்தர் மெதுவா ஆரம்பிச்சார். பெரியவங்க வென்ட்ரிக்கிள் (ரத்தத்தை வெளிய தள்ளற கீழ் அறை) தசை செல்லு தானா துடிக்காது, உங்களுது துடிக்குது, அப்ப அது கருவுல இருக்கற குழந்தையோட செல் மாதிரிதானே? ஆமா சார்னேன். நோய் வந்த இதயமும் கரு நிலையில ஓடின ஜீன்களை மறுபடி ஆன் பண்ணும்ல? ஆமா சார். "அப்ப உங்க மருந்து நோயை சரி பண்ணுதா, இல்ல செல்லுக்கு வயசைக் கூட்டுதா, எப்படிப் பிரிப்பீங்க?" இந்தக் கேள்விக்குத்தான் மாக் இன்டர்வியூவுல ஃப்ரெண்ட்ஸ்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு தயாரா இருந்தேன். ஃபேட்டி ஆசிட் மீடியா (கொழுப்பு அமிலம் கலந்த வளர்ப்பு திரவம்), எலெக்ட்ரிக்கல் பேசிங் (மின்சாரத்தால சீரா துடிக்க வைக்கறது)னு செல்லை முதிர வெச்சு அதுல ஒரு செட், முதிர வைக்காம ஒரு செட், ரெண்டுலயும் நோய் இல்லாத கண்ட்ரோல். நோயில்லாத முதிராத செல்லுலயும் அதே அளவு முன்னேற்றம் தெரிஞ்சா மருந்து வயசைத்தான் கூட்டுதுன்னு அர்த்தம், நிறுத்திடுவேன்னு சொன்னேன். அவர் எதோ குறிச்சுக்கிட்டார். அடுத்தவர் விசை கூடுதான்னு கேட்டார், கூடாம இருக்கறதுதான் எனக்கு வேணும்னேன், ஏன்னா இதயத்தை அடிச்சு ஓட்டற மில்ரினோன் மாத்திரையை 1991ல பார்த்தப்ப இறப்பு கூடித்தான் போச்சு. மீதி கேள்வியெல்லாம் டைம்லைன், மேனேஜ்மென்ட்னு வழக்கமானதுதான்.

கிடைச்சுது, ஒரு நிபந்தனையோட. முதிர்ந்த செல் முதிராத செல் ஒப்பீட்டை முதல் வருஷத்துலயே முடிச்சு ரிப்போர்ட் குடுக்கணும், அது சரியா வந்தாத்தான் எலி மாடலுக்கான பணம் ரிலீஸ். இப்ப லேப்ல அந்த ஃபேட்டி ஆசிட் மீடியாவோடதான் மல்லுக்கட்டிட்டு இருக்கேன், டோஸ் கொஞ்சம் ஏறினாலும் செல்லு செத்துடுது.