எம்டிஆர் ஓடினால் மலை லிங்க் படுத்துவிடும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்த அண்ணன் ஒருவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். பில்லிங் கம்ப்யூட்டரின் பேக்கப், ரேடியோ லிங்க் வழியாக ஏற்காட்டில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போகும். பட்டறையில் ரவுட்டர் இரண்டு: மலைக்கு ஒன்று, இன்டர்நெட்டுக்கு நான் லினக்ஸ் போட்டுக் கொடுத்த பழைய டப்பா. மலைக்கான பாக்கெட் டப்பாவிடம் வந்தால், 'அந்த ரவுட்டரிடமே நேராகப் போ' என்று அது ரீடைரக்ட் அனுப்ப வேண்டும். அனுப்பவில்லை. எல்லா பேக்கப்பும் டப்பா வழியாகவே முக்கி முனகிப் போனது.

நான் மூடுபனியைச் சந்தேகப்பட்டு, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப்போய் ஆன்டெனாவைத் துடைத்துவிட்டு வந்தேன்.

"மத்தியானம் கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டா சரியா இருக்கு தம்பி, நீ வந்து உக்காந்தா கெட்டுப்போகுது" என்றார் அண்ணன். கிண்டல் என்று நினைத்தேன். உண்மைதான்! லைனைப் பார்க்க அதே கம்ப்யூட்டரில் எம்டிஆர் (வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரையும் விடாமல் சோதிக்கும் கருவி) ஓடவிடுவது என் வழக்கம்.

டப்பாவில் இருப்பது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 4.9, 2018க்குப் பிறகு அப்டேட்டே இல்லை. அதில் ரீடைரக்ட் அனுப்பும் ஐபி_ஆர்டி_சென்ட்_ரீடைரக்ட் ஃபங்ஷனைப் படித்தேன். 9 ரீடைரக்ட் அனுப்பியும் எதிராளி கேட்காவிட்டால் நிறுத்திவிடும். சுமார் 20 நொடி அப்படிப்பட்ட பாக்கெட் எதுவும் வராமல் அமைதியாக இருந்தால்தான் மறுபடி தொடங்கும். அந்த எண்ணிக்கையை வைத்திருந்த ரேட்_டோக்கன்ஸ்தான் டிடிஎல் (பாக்கெட் எத்தனை ரவுட்டர் தாண்டலாம் என்ற வரம்பு) முடிந்த பிழைச் செய்திகளின் வேகக் கட்டுப்பாட்டுக்கும். எம்டிஆர் வேலை செய்வதே அந்தப் பிழைகளை வேண்டுமென்றே வரவழைத்துத்தான். ஒரே உண்டியலில் இரண்டு வீட்டுக் கணக்கு. எம்டிஆர் அதில் ஆயிரக்கணக்கில் ஏற்றிவிட, கெர்னல் '9 தாண்டியாச்சு' என்று வாயை மூடிக்கொண்டது. எம்டிஆரை நிறுத்தினாலும், பேக்கப் பாக்கெட் வந்துகொண்டே இருப்பதால் அந்த அமைதி கிடைக்கவே இல்லை.

2019லேயே இதற்குத் திருத்தம் வந்திருந்தது: ரீடைரக்டுக்கென்று தனியாக என்_ரீடைரக்ட்ஸ். பழைய கோடில் பேட்ச் அப்படியே ஒட்டவில்லை, கையால் சேர்த்தேன். ராத்திரி முழுக்க கம்பைல். காலையில் அருமை, முக்கால் மணி நேரத்தில் மறுபடி செத்தது. பில்லிங் கம்ப்யூட்டரிலும் லினக்ஸ்தான்; ரீடைரக்டில் கற்றுக்கொண்ட வழியை அது 5 நிமிடம்தான் வைத்திருக்கும். 9 தடவை என்றால் 45 நிமிடம். அமைதிக்குப் பிறகு புது எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கும் ஒரு வரியை விட்டிருக்கிறேன்! அதைச் சேர்த்து, இன்னொரு கம்பைல்.

எம்டிஆரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்திவிட்டு, பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பில் இரண்டு மணி நேரம் பார்த்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரீடைரக்ட், தவறாமல்.

அண்ணனிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ அன்னிக்கு மலைக்கு எதுக்குத் தம்பி போன?" என்றார்.