டக்கோட்டாவின் வலது என்ஜின்: ஒரு குளிர்கால வேலைக் குறிப்பு

டக்கோட்டா என்ற எங்கள் பழைய இராணுவச் சரக்கு விமானத்தின் வலது என்ஜினில் ஒன்பதாம் சிலிண்டர் தப்பிவிட்டது. பெப்ரவரியில் அழுத்தச் சோதனை செய்தபோது, செலுத்திய காற்றழுத்தம் 80க்கு 54தான் உள்ளே தங்குகிறது என்று காட்டிய அளவுமானி, சென்ற சனிக்கிழமை 80க்கு 71 காட்டியது. சிலிண்டரைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்ப வேண்டிவருமோ என்று குளிர்காலம் முழுவதும் எங்கள் குழுவுக்கு இருந்த கவலை அதோடு தீர்ந்தது. பழைய இராணுவ விமானங்களைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பவை பெரும்பாலும் போர்க் கதைகள். எண்பது ஆண்டுகள் கழித்து அவற்றை யார், எப்படி ஓட வைக்கிறார்கள் என்று எழுதுவோர் குறைவு. அதனால் இந்தக் குளிர்காலத்தில் செய்ததையும் பார்த்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் தொண்டு செய்வது ஒன்ராறியோவின் தென்பகுதியில் உள்ள ஒரு சிறிய விமான அருங்காட்சியகத்தில். வார நாட்களில் கணக்காளர் வேலை. சனிக்கிழமை காலை ஹங்கர், அதாவது விமானக் கொட்டகை. குழுவில் ஓய்வுபெற்ற விமானப் பொறியாளர்கள் இருக்கிறார்கள், பஸ் ஓட்டியவர் ஒருவர், பள்ளி ஆசிரியை ஒருவர், கல்லூரி மாணவர்கள் சிலர் இருக்கிறார்கள். எங்கள் டக்கோட்டா பறப்பதில்லை. என்ஜின்களை இயக்கி, ஓடுதளத்தின் ஓரமாக மெல்ல நகர்த்தி, திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவோம். அவ்வளவுதான்.

பறக்கும் விமானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஹமில்ரனில் உள்ள கனடியன் வார்பிளேன் ஹெரிட்டேஜ் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். அங்கே இருக்கும் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் 1945இல் மோல்ரனில் கட்டப்பட்டது. ரொறன்ரோத் தமிழர்கள் உறவினரை வரவேற்கப் போய் நிற்கும் பியர்சன் விமான நிலையம் இருக்கும் அதே மோல்ரன்தான். போர்க்காலத்தில் அங்கே 430 லங்காஸ்டர்கள் கட்டப்பட்டன. ஹமில்ரன் விமானம் நீண்ட புனரமைப்புக்குப் பின் 1988இல் மறுபடி பறந்தது. 1993இல் அங்கே ஹங்கர் தீப்பற்றி ஹரிக்கேன், அவெஞ்சர் உள்ளிட்ட விமானங்கள் எரிந்தபோதும் இது பிழைத்தது. 2014இல் அட்லாண்டிக்கைக் கடந்து இங்கிலாந்து சென்று, உலகில் பறக்கும் நிலையில் உள்ள மற்றொரு லங்காஸ்டரோடு சேர்ந்து பறந்துவிட்டு வந்தது. அந்த வேலையிலும் தொண்டர்களின் பங்கு பெரியது. எங்கள் இடம் அந்த அளவுக்கு வசதியானதன்று; ஆனால் ஸ்பானர் பிடிக்கும் முறை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

பறக்காத விமானத்தின் என்ஜினை எதற்காக இயக்க வேண்டும் என்று பார்வையாளர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஓடாத என்ஜினில் எண்ணெய் கீழே வடிந்துவிடும். மேற்புறச் சிலிண்டர்களின் உட்சுவரும் வால்வுத் தண்டுகளும் வெறும் உலோகமாகக் காற்றில் நிற்கும். ஈரம் சேர்ந்து துரு பிடிக்கும். ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கும். வெளியே பளபளவென்று இருக்கும் விமானம் உள்ளே இறுகிப்போயிருக்கும். அதைவிட முக்கியமாக நான் கருதுவது, அந்த என்ஜினை இயக்கத் தெரிந்தவர்களின் கையறிவு. எந்தச் சத்தத்துக்குக் கவலைப்பட வேண்டும், எந்தப் புகைக்குக் கவலைப்படத் தேவையில்லை என்பதைக் கையேடு சொல்லித் தராது. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, என்ஜின் ஓட வேண்டும். எங்கள் தலைமைப் பொறியாளருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

என்ஜினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் ஆர்-1830, ட்வின் வாஸ்ப் என்று பெயர். காற்றால் குளிரும் 14 சிலிண்டர்கள், ஏழு ஏழாக இரண்டு வரிசை வட்டங்கள். கொள்ளளவு ஏறத்தாழ 30 லீற்றர். புறப்படும்போது 1,200 குதிரைத் திறன். 1,70,000க்கும் மேல் செய்யப்பட்ட என்ஜின் இது. பின்னாலிருந்து பார்த்தால் உச்சியில் இருப்பது ஒன்றாம் சிலிண்டர். அங்கிருந்து வலஞ்சுழியாக எண்ணிக்கொண்டு போக வேண்டும். ஒற்றைப்படை எண்கள் பின்வரிசை, இரட்டைப்படை முன்வரிசை. அடியில் இருக்கும் ஏழு, எட்டு, ஒன்பதுதான் எப்போதும் தொல்லை தருபவை. நிறுத்தி வைத்திருக்கும்போது எண்ணெய் அங்கேதான் இறங்கும்.

இறங்கிய எண்ணெய் பிஸ்டனைத் தாண்டி எரியறைக்குள் தேங்கிவிட்டால் ஆபத்து. காற்றை அழுத்தலாம், எண்ணெயை அழுத்த முடியாது. அந்த நிலையில் ஸ்டார்ட்டரைப் போட்டால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். அன்றைக்கு உடையாவிட்டாலும் பிறகொரு நாள் ஓடிக்கொண்டிருக்கும்போது உடையும். ஆகவே இயக்குவதற்கு முன் புரொப்பெல்லரைக் கையால் இதழ் இதழாகத் தள்ளிச் சுற்ற வேண்டும். மின்சாரத் துண்டிப்பைச் சரிபார்த்த பிறகே கை வைக்க வேண்டும். 12 இதழ்களாவது போக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நவம்பரில் ஒரு காலை அப்படித் தள்ளிக்கொண்டிருந்தபோது இதழ் சட்டென்று நின்றது, சுவரில் முட்டியதைப் போல. தலைமைப் பொறியாளர் கையை உயர்த்தினார். முன்னால் அழுத்தவும் கூடாது, பின்னால் சுற்றவும் கூடாது. பின்னால் சுற்றினால் எண்ணெய் உள்ளிழுக்கும் குழாய்க்குள் போய் ஒளிந்துகொண்டு, என்ஜின் பிடித்ததும் திரும்ப உள்ளே வந்துவிடும். அடிச் சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினோம். எட்டாம் சிலிண்டரிலிருந்து கருந்தேன் நிறத்தில் அரைக் கோப்பை எண்ணெய் மெதுவாக வழிந்து தட்டில் விழுந்தது. அந்த அரைக் கோப்பைதான் ஒரு என்ஜினைக் கொன்றிருக்கும்.

டிசம்பரும் ஜனவரியும் பிளக்குகளுக்குப் போயின. சிலிண்டருக்கு இரண்டு வீதம் ஒரு என்ஜினுக்கு 28. இன்றும் பிஸ்டன் விமானங்களுக்குக் கிடைக்கும் பெற்றோலில் பெரும்பாலும் ஈயம் கலந்திருக்கிறது. அந்த ஈயம் சாம்பல்நிறச் சிறு உருண்டைகளாக, அதிகமும் அடிச் சிலிண்டர்களின் பிளக்குகளில், படிந்துவிடும். கூரான கருவியால் அதைச் சுரண்டி எடுத்து, நுண்மணலால் ஊதிச் சுத்தம் செய்து, இடைவெளியை அளந்து, அழுத்தத்தில் பொறி வருகிறதா என்று சோதித்து, புதிய செப்பு வளையம் போட்டு, இடம் மாற்றிப் பூட்ட வேண்டும். கைதவறிக் கீழே விழுந்த பிளக்கை எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் குப்பையில் போட்டுவிட வேண்டும். உள்ளே பீங்கானில் விழும் மயிரிழை வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. துளைகள் கொண்ட மரத்தட்டில் எண் இட்டு வரிசையாக வைத்த பிளக்குகளைப் பார்த்தாலே எந்தச் சிலிண்டர் எப்படி எரிகிறது என்று படித்துவிடலாம். வெளிர் பழுப்பு நல்லது. ஒன்பதாம் சிலிண்டரின் பிளக் ஒன்று கருமையாக, ஈரமாக இருந்தது. சந்தேகம் அங்கேயே தொடங்கிவிட்டது.

பெப்ரவரியில் அழுத்தச் சோதனை. பிஸ்டனை மேல்முனையில் நிறுத்தி, பிளக் துளை வழியாக 80 அளவு அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால், எவ்வளவு உள்ளே தங்குகிறது என்று இன்னொரு அளவுமானி சொல்லும். அந்தக் காற்றே பிஸ்டனைத் தள்ளி புரொப்பெல்லரை வீசிவிடக்கூடும் என்பதால் ஒருவர் இதழை இறுகப் பிடித்திருக்க வேண்டும். அன்று அது என் பொறுப்பு. ஹங்கருக்குள்ளேயே உறைநிலைக்குக் கீழே குளிர். கையுறைக்குள்ளும் உலோகத்தின் குளிர் ஏறியது. மற்றச் சிலிண்டர்கள் எழுபதுகளில் நின்றன. ஒன்பதுக்கு வந்ததும் முள் சரிந்து 54இல் நின்றது. காற்று எங்கே போகிறது என்று காதால் தேட வேண்டும். உள்ளிழுக்கும் பக்கத்தில் கேட்டால் உள்வால்வு. எண்ணெய்ப் பெட்டியின் மூச்சுக்குழாயில் கேட்டால் பிஸ்டன் வளையம். புகைபோக்கியில் கேட்டால் வெளிவால்வு. ஆசிரியை புகைபோக்கியில் காதை வைத்தார். "இங்கேதான்" என்றார். மெல்லிய, நீண்ட 'உஸ்' ஒலி எல்லோருக்கும் கேட்டது.

வெளிவால்வு கருகியிருந்தால் சிலிண்டரையே கழற்றத்தான் வேண்டும். ஆனால் வால்வு வந்து அமரும் வளையத்தில் படிவு ஏதாவது மாட்டிக்கொண்டு வால்வு முழுதாக மூடாமல் இருக்கவும் கூடும். தலைமைப் பொறியாளர் அவசரப்படவில்லை. மேல்மூடியைத் திறந்து, வால்வுத் தண்டின் தலையை மெதுவாகத் தட்டினார். முள் 60க்கு ஏறியது. "ஏறுகிறதல்லவா, அப்படியென்றால் அது இன்னும் சாகவில்லை. சூடாக ஓட்டிவிட்டுப் பார்ப்போம்" என்றார். வசந்தம் வரை காத்திருக்க முடிவு செய்தோம். இந்தக் குளிரில் கூழாகக் கிடக்கும் எண்ணெயோடு என்ஜினை எழுப்புவது அதற்குச் செய்யும் கொடுமை. போர்க்காலத்தில் இதற்கென்றே, நிறுத்துவதற்கு முன் எண்ணெயில் பெற்றோலைக் கலந்து இளக்கி வைப்பார்கள். நாங்கள் சூடான காற்று ஊதும் இயந்திரங்களை நம்பியிருக்கிறோம்.

இந்தக் காத்திருப்பு வாரங்களில், வீட்டில் எனக்கும் என் மூத்த உறவினர் ஒருவருக்கும் நடந்த பேச்சையும் எழுத வேண்டும். "பொம்பரின் சத்தத்துக்குப் பதுங்கு குழிக்குள் ஓடிய பிள்ளை நீ. இங்கே வந்து போர் விமானத்துக்கு எண்ணெய் போடுகிறாயா?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியின் வலி எனக்கும் தெரியும். நான் திருகோணமலையில் பிறந்தவன். வானத்தில் என்ஜின் ஒலி கேட்டால் இன்றும் முதலில் அண்ணாந்து பார்ப்பேன். ஆனால் எங்கள் ஊருக்கு அதற்கு முந்திய வான்தாக்குதல் ஒன்றும் உண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. எங்கள் அம்மம்மா அப்போது சிறுமி. சட்டி பானைகளைத் தூக்கிக்கொண்டு ஊரே உள்நாட்டுப் பக்கம் நடந்ததை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த விமானங்களைச் சுமந்து வந்த ஜப்பானியக் கப்பற்படையை முதலில் கண்டவர் ஒரு கனடியர். லெனார்ட் பேர்ச்சல், கனடிய விமானப்படையின் 413ஆம் அணியைச் சேர்ந்தவர். ஏப்ரல் 4ஆம் தேதி விடியுமுன் காலிக்குப் பக்கத்தில் உள்ள கொக்கலையிலிருந்து கற்றலினா கடல்விமானத்தில் புறப்பட்டு, நாளெல்லாம் தேடி, பிற்பகலில் ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பல்களைத் தெற்கே கண்டார். செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஸீரோ என்ற ஜப்பானியச் சண்டை விமானங்கள் அவரைச் சுட்டு வீழ்த்தின. ஒன்பது பேரில் மூவர் இறந்தனர். பேர்ச்சல் உட்பட அறுவர் போர் முடியும்வரை ஜப்பானியரிடம் கைதிகளாக இருந்தனர். மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு தாக்கப்பட்டது. ஆனால் எச்சரிக்கை முந்திவிட்டிருந்தது. துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் முன்னமே வெளியேறியிருந்தன. அன்று அவரை அத்தனை மணி நேரம் கடலுக்கு மேல் தாங்கி நின்றவை இரண்டு ட்வின் வாஸ்ப் என்ஜின்கள். நான் பிளக் மாற்றும் இதே இனம். உறவினரிடம் இதைச் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, ஓட்டும் நாளில் தன்னையும் கூட்டிப் போகச் சொன்னார்.

டக்கோட்டாவுக்கும் நம் பக்கத்தோடு தொடர்பு உண்டு. கனடாவின் 435, 436ஆம் அணிகள் 1944இல் பிரிக்கப்படாத இந்தியாவின் குஜ்ராத்தில், இன்று பாகிஸ்தானில் இருக்கும் ஊரில், அமைக்கப்பட்டு பர்மா முனைக்கு இதே விமானத்தில்தான் அரிசியும் மருந்தும் குண்டும் சுமந்தன. பார்வையாளர்களில் தமிழ்ப் பிள்ளைகள் வந்தால் இதை மறக்காமல் சொல்கிறேன்.

ஏப்ரல் மூன்றாம் வாரம் வெயில் வந்தது. விமானத்தை வெளியே இழுத்து, காற்றை நோக்கி நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்தோம். நான் தீயணைப்பானோடு வலது என்ஜினுக்குப் பக்கவாட்டில், விமானி அறையிலிருந்து தெரியும்படி நின்றேன். உறவினர் வேலிக்கு அப்பால், காதுகளைக் கைகளால் பொத்தியபடி நின்றார். ஸ்டார்ட்டர் முனகியது, இதழ்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன, பிளக்குகளுக்குப் பொறி தரும் மக்னீட்டோவைப் போட்டதும் ஒரு சிலிண்டர் இருமியது, பின்னால் இரண்டு, பின்னால் எல்லாம். நீலவெண் புகை ஒரு மேகமாகக் கிளம்பி வாலைத் தாண்டிப் போனது. அடிச் சிலிண்டரில் மிஞ்சிய எண்ணெய் எரிவது அது, பயப்பட வேண்டியதில்லை. அரை நிமிடத்துக்குள் எண்ணெய் அழுத்தம் ஏறாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். விமானி அறையிலிருந்து கட்டைவிரல் உயர்ந்தது. எண்ணெய் 40 பாகை சூடேறும்வரை மெதுவாக ஓட்டி, பிறகு வேகம் கூட்டி மக்னீட்டோக்களை ஒவ்வொன்றாக நிறுத்திச் சோதித்தார்கள். சுழற்சி நிமிடத்துக்கு நூறு சுற்றுக்கு மேல் இறங்கக் கூடாது, அதற்குள்ளேயே இருந்தது. அந்தச் சத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள் கேட்கும். உறவினர் எப்போது காதிலிருந்து கையை எடுத்தார் என்று நான் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தச் சூடு ஆறுவதற்கு முன்பே என்ஜினை மூடும் கௌலிங் தகட்டைக் கழற்றி ஒன்பதாம் சிலிண்டரைச் சோதித்தோம். 68. சென்ற சனிக்கிழமை இரண்டாம் முறை ஓட்டிய பிறகு 71. புகைபோக்கியில் ஒலி இல்லை. வால்வு அமரும் வளையத்தில் மாட்டியிருந்த படிவு எரிந்து போயிருக்க வேண்டும் என்பது தலைமைப் பொறியாளரின் கணிப்பு. பதிவேட்டில் அவர் கையொப்பம் இட்டார்; அதற்குக் கீழே உதவியவர்களின் பெயர்களையும் எழுதச் சொன்னார். ஒவ்வொரு முறை ஓட்டிய பின்னும் இதே சிலிண்டரை மறுபடி அளப்பது என்று முடிவாகியிருக்கிறது.

அடுத்து இடது என்ஜினின் அழுத்தச் சோதனை. அதோடு வால் சுக்கானின் துணி அழுத்தினால் தளர்வாக இருக்கிறது. டக்கோட்டாவின் உடல் அலுமினியம் என்றாலும் சுக்கான்களெல்லாம் துணி போர்த்தியவை. அதைத் தைத்து, பசைப்பூச்சு பூசிக் காயவைக்க வெயில் நாட்கள் வேண்டும். தைக்கத் தெரிந்த கைகளுக்கு அங்கே நிறைய வேலை இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் சனிக்கிழமை காலைகளில் வரலாம்; மூடிய காலணி போட்டு, மோதிரத்தையும் கைச்சங்கிலியையும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.