விழித்திரைச் செல்லில் மின்காந்தப் புல ஆய்வு: தொடங்குபவர்களுக்குச் சில வார்த்தைகள்

இந்தத் துறைக்கு வரும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த அஸே (செல்லில் ஏற்பட்ட மாற்றத்தை அளக்கும் சோதனை) செய்யலாம் என்றுதான். அதைப் பிறகு பார்க்கலாம். செல்லுக்குப் போய்ச் சேர்ந்தது புலம் மட்டும்தான் என்று உங்களால் காட்ட முடியுமா? என் ஆய்வுக் காலத்தில் பெரும்பகுதி இதற்கே போனது. அந்த உழைப்பு தேவையானது என்று உறுதியாகச் சொல்வேன்.

முதலில் செல். ஏஆர்பிஇ-19 என்பது விழித்திரையின் நிறமி எபிதீலியச் செல் வரிசை (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல் வகை). ஒளியை உணரும் செல் அல்ல. அதில் கிடைத்ததை விழித்திரை முழுவதற்கும் நீட்டாதீர்கள். ஆர்ஜிசி-5 வரிசையை எலியின் கேங்லியான் செல் (கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்புச் செல்) என்று நம்பிப் பல கட்டுரைகள் வந்தன. அது உண்மையில் சுண்டெலியின் 661டபிள்யூ ஒளியுணர் வரிசை என்று 2013-இல் தெரியவந்தது. பழைய கட்டுரைகளை இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்துக்கு ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள் (நடுவில் சீரான புலம் தரும் இரட்டைச் சுருள்) போதும். ஆனால் மின்னோட்டம் போனால் சுருள் சூடாகும். சூடு கொஞ்சம் ஏறினாலும் செல்லின் போக்கு மாறும், பழியோ புலத்தின் மேல் விழும். அதனால் ஒப்பிடுவதற்காகப் புலம் படாமல் வைக்கும் கன்ட்ரோல் டிஷ்ஷைச் சும்மா இன்னொரு இன்குபேட்டரில் வைத்தால் போதாது. ஒவ்வொரு சுருளையும் இரட்டைக் கம்பியால் சுற்றுங்கள். ஷாம் சுருளில், அதாவது கன்ட்ரோலுக்கான போலிச் சுருளில், இரண்டு கம்பிகளிலும் மின்னோட்டம் எதிரெதிர்த் திசையில் ஓடட்டும். புலம் ரத்தாகும், சூடு அப்படியே இருக்கும். அப்புறம், இன்குபேட்டரின் விசிறியும் ஹீட்டருமே புலம் உண்டாக்கும், அது தட்டுக்குத் தட்டு வேறுபடும். டிஷ் வைக்கும் ஒவ்வொரு இடத்திலும் மீட்டரை வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

பலர் விட்டுவிடுவது டிஷ்ஷின் வடிவத்தை. புலம் டிஷ்ஷுக்குச் செங்குத்தாகப் போனால், தூண்டப்படும் மின்புலம் நடுவில் பூஜ்யம், விளிம்பில் அதிகம். 35 மி.மீ. டிஷ், 50 ஹெர்ட்ஸ், 1 மில்லிடெஸ்லா என்றால் விளிம்பில் மீட்டருக்குச் சுமார் 2.7 மில்லிவோல்ட். காந்தப்புலத்தால் கண்ணில் ஒளிப்பொறி தெரிவதற்கான வரம்பை, 20 ஹெர்ட்ஸில் மீட்டருக்கு 50 முதல் 100 மில்லிவோல்ட் வரை என்று ஐசிஎன்ஐஆர்பி (அயனியாக்காத கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம்) 2010 வழிகாட்டி கணிக்கிறது. உங்கள் டிஷ் அந்த அளவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைக் கட்டுரையில் எழுதுங்கள். ஒரே டிஷ்ஷில் நடுச் செல்லையும் விளிம்புச் செல்லையும் சேர்த்து எண்ணாமல் இருப்பது நல்லது.

ரேடியோ அலை என்றால் உலோக வெப்பமானி புலத்தையே கலைக்கும். ஃபைபர் ஆப்டிக் சென்சார் வாங்குங்கள்.

சரி, அஸே. எம்டிடி (செல் உயிர்ப்பு), டிசிஎஃப் (ஆக்சிஜனேற்ற அழுத்தம்), காமெட் (டிஎன்ஏ சேதம்) எதுவானாலும் கூடவே ஒரு பாசிட்டிவ் கன்ட்ரோல் (மாற்றம் நிச்சயம் தெரிய வேண்டிய டிஷ்) வையுங்கள். டிசிஎஃப்புக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். எந்த டிஷ் எந்தச் சுருளில் இருந்தது என்ற குறியீட்டை, எண்ணிக்கை முடியும்வரை ஆய்வகத்தில் வேறொருவர் வைத்திருக்கட்டும்.